உட்கருவைப் பார்க்காமல் ரத்தத்தைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்

“மெஷின் ரிப்போர்ட்டே வந்துட்டு, இன்னும் எதுக்கு அண்ணாச்சி சிலைடு?” பாவூர்சத்திரத்தில் மட்டுமல்ல, தென்காசியிலும் ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் ரத்தப் பரிசோதனை என்றால் இன்றைக்கு இதுதான் பேச்சு. லேப் நடத்துகிறவர் சொல்கிறார், சீட்டு எழுதும் மருத்துவர் தலையாட்டுகிறார், காசு கொடுக்கும் நோயாளிக்கும் அது நியாயமாகவே படுகிறது. துளி ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு ஒரு நிமிடத்தில் தாள் நிறைய எண்களை அச்சடித்துத் தரும் எந்திரம் மேசைமேல் இருக்கிறது. பிறகு எதற்குக் கண்ணாடியில் ரத்தத்தை இழுத்து, சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, வெள்ளணுவின் உட்கரு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அது பழங்காலத்து வேலை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்த முடிவு தவறு. சிறிய ஊர்களைப் பொறுத்தவரை ஆபத்தும்கூட. எந்திரத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. எண்ணுவதில் மனிதக் கண் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் ஒரு வெள்ளணுவின் உட்கரு என்ன வடிவில் இருக்கிறது என்று கேட்டால், நம் ஊர் லேப்களில் இருக்கும் எந்திரங்களிடம் பதில் இல்லை. அந்த வடிவம் சொல்லும் சேதியை அச்சிட்ட எண் எதுவும் முழுதாகச் சொல்வதும் இல்லை. உட்கருவைப் பார்க்காமல் கொடுக்கிற ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்டுதான்.

எந்திரம் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற தத்துவம்தான் இன்றும் அடிப்படை. மின்சாரம் ஓடும் திரவத்தில் ஒரு நுண்துளை. அணு அதைக் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் கூடும். எவ்வளவு கூடியது என்பதை வைத்து அணுவின் பருமனைக் கணக்கிடுவார்கள். சிறிய லேப்களில் பெரும்பாலும் இருப்பது ‘த்ரீ பார்ட்’ வகை. அதில் சேரும் ரசாயனம் சிவப்பணுவை உடைத்துக் கரைக்கிறது, வெள்ளணுவையும் உட்கருவோடு ஒட்டிச் சுருங்க வைக்கிறது. சுருங்கியவற்றை எந்திரம் பருமன்படி மூன்றாகப் பிரிக்கிறது: சிறியவை லிம்போசைட், பெரியவை கிரானுலோசைட், நடுவே விழுவதெல்லாம் ‘மிட்’. மோனோசைட்டும் ஈசினோஃபிலும் பேசோஃபிலும் அந்த ‘மிட்’டுக்குள் போகின்றன, ரத்தப் புற்றுநோயின் முதிராத அணுக்களும் அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாம். ‘ஃபைவ் பார்ட்’ எந்திரம் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறது. அது மேலான எந்திரம்தான். என்றாலும் அதுவும் அணுவைக் கண்ணால் பார்ப்பதில்லை. சிதறிய ஒளியிலிருந்து ஊகிக்கிறது.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் எடைமேடை மூட்டையின் எடையைப் பிசகாமல் சொல்லும். உள்ளே இருப்பது நல்ல காயா, அழுகலா என்பது சாக்கைப் பிரித்துக் கையை விட்டுப் பார்க்கிற கமிஷன் கடைக்காரருக்குத்தான் தெரியும். எடைமேடை வந்துவிட்டது என்பதற்காக எந்த வியாபாரியும் சாக்கைப் பிரிக்காமல் சரக்கு எடுப்பதில்லை.

இனி ஸ்லைடைப் பார்ப்போம். கண்ணாடியின் ஒரு முனையில் சிறு துளி ரத்தம். இன்னொரு கண்ணாடியின் விளிம்பைச் சாய்த்து வைத்து, துளி பரவியதும் ஒரே தள்ளு. கை நடுங்கினால் அலை அலையாக விழும், அழுத்தினால் வெள்ளணுக்கள் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் இரண்டு நிமிடம். பிறகு அதோடு பஃபர் தண்ணீரைக் கலந்து ஏழெட்டு நிமிடம். அலசி நிமிர்த்தி வைத்தால், நாக்குப்போல் நீண்ட மெல்லிய படலம். வால்பக்கம் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸை இறக்கினால் உட்கருக்கள் ஊதா நிறத்தில் தெரியும். நியூட்ரோஃபிலில் மூன்று நான்கு கதுப்புகள், அவற்றை இணைக்கும் இழை மயிரைவிட மெல்லியது. ஈசினோஃபிலில் இரண்டு கதுப்பு, சுற்றிலும் ஆரஞ்சு நிறப் பொடிகள். லிம்போசைட்டில் அணுவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருண்டை. மோனோசைட்டில் மடிந்த சிறுநீரக வடிவம். பெண்களின் ரத்தம் என்றால், சில நியூட்ரோஃபில்களில் ஒரு கதுப்பிலிருந்து குட்டி முரசுக்கோல் போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். இதை 1954இல் டேவிட்சனும் ஸ்மித்தும் காட்டினார்கள், அது ஒடுங்கிய எக்ஸ் குரோமோசோம் என்பது பின்னர் தெரியவந்தது. இத்தனையும் ஒரே பார்வையில் கிடைக்கிறது.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு, நம் வட்டாரத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

பாவூர்சத்திரம், கடையம், முக்கூடல் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நம் பெண்கள் பலருக்கு இரும்பு மட்டும் குறைவதில்லை. பி12 வைட்டமினோ ஃபோலிக் அமிலமோ சேர்ந்தே குறைகிறது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். எந்திரம் இரண்டையும் கலந்து சராசரி போடும். எம்சிவி எனும் அந்தச் சராசரிப் பருமன் ‘நார்மல்’ என்று அச்சாகும். பருமன் வேறுபாட்டைச் சொல்லும் ஆர்டிடபிள்யூ கூடியிருக்குமே என்று வாதிடுவார்கள். கூடியிருக்கும்தான். ஏன் கூடியது என்பதை அது சொல்லாது. ஸ்லைடில் நியூட்ரோஃபிலைப் பார்த்தால் விடை தெரியும். டிஎன்ஏ சரியாக உருவாகாததால் உட்கரு ஐந்து, ஆறு கதுப்புகளாக உடைந்து நிற்கும். நூறு நியூட்ரோஃபிலில் ஐந்துக்கு மேல் ஐந்து கதுப்போடு இருந்தாலோ, ஆறு கதுப்புள்ள ஒன்றே ஒன்று தெரிந்தாலோ, பி12ஐயும் ஃபோலேட்டையும் சந்தேகிக்க வேண்டும் என்பது பாலபாடம். அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரையையே விழுங்கவைத்தால், ஹீமோகுளோபின் தயங்கித் தயங்கி நிற்கும். பி12 குறைபாட்டைக் கவனிக்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், ரத்தம் தேறுவதுபோல் தெரியும், கால் நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். மரத்துப்போன காலை வயசுக் கோளாறு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

ஃபோலிக் அமிலக் குறைவால் வரும் சோகையை உலகம் புரிந்துகொண்டதே இந்தியப் பெண்களின் ரத்தத்தை ஸ்லைடில் பார்த்துத்தான். 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் இடத்திலும் பணிபுரிந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று அவர் காட்டியதுதான் ஃபோலிக் அமிலத்துக்கு வழி திறந்தது. எந்திரம் இல்லாத காலத்தில் ஏழைப் பெண்களின் ரத்தத்துக்குக் கிடைத்த கவனம், எந்திரம் உள்ள காலத்தில் கிடைக்கவில்லை என்பதை நாம் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

அடுத்தது காய்ச்சல். 2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், கடையநல்லூரிலும் சுற்றுப்புறத்திலும் டெங்கு ஆடிய ஆட்டத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. “கவுண்டு எத்தனை?” என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. கவுண்டு என்றால் பிளேட்லெட். அன்றிலிருந்து காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, வெள்ளணு குறைவு என்று மூன்றும் சேர்ந்தால், ரிப்போர்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் டெங்கு என்று முடிவு செய்யும் பழக்கம் வந்துவிட்டது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஸ்லைடு அதற்கு ஒத்தாசை செய்யும்: டெங்குவில் லிம்போசைட் பெருத்து, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கியோ பள்ளம் விழுந்தோ, சுற்றிலும் அடர்நீலமாகத் தெரியும்.

ஆனால் அதே மூன்று அறிகுறிகளோடு வரும் இன்னொரு நோயும் உண்டு: அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. இந்த ரத்தப் புற்றுநோயில் வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை, பல நேரம் குறைந்தே இருக்கும். பிளேட்லெட் விழும், ஈறில் ரத்தம் கசியும், தோலில் புள்ளி விழும். தாளை மட்டும் பார்ப்பவருக்கு அது டெங்குதான். ஸ்லைடில் பார்த்தால், நடுவில் இறுகி இரண்டாகப் பிதுங்கிய உட்கரு, சில அணுக்களில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் செந்நிறக் குச்சிகள். பழகிய கண்ணுக்கு உடனே பொறி தட்டும். இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், ரத்தக்கசிவால். அந்த நாட்களைத் தாண்டி உரிய மருந்து கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆர்சனிக் மருந்தை மட்டுமே கொடுத்து இதைக் குணப்படுத்த முடியும் என்று 2006இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் நம் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முக்கியமானவர்கள். மருந்து நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கே போக வேண்டிய நோயாளி யார் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியது பாவூர்சத்திரத்திலும் தென்காசியிலும் உள்ள மைக்ரோஸ்கோப்.

மூன்றாவது, கிருமி ரத்தத்தில் ஏறிய செப்ஸிஸ் நிலை. வயதானவர், சர்க்கரை நோயாளி, பிறந்த குழந்தை ஆகியோரிடம் மொத்த வெள்ளணு எண்ணிக்கை இயல்பாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே எலும்பு மஜ்ஜை தவித்துப்போய், கதுப்பு பிரியாத, குதிரைலாடம் போல் வளைந்த உட்கருவுள்ள இளம் நியூட்ரோஃபில்களைக் களத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கதுப்புகளை எண்ணி இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஆர்னெத், ஆண்டு 1904. 1992இல் செப்ஸிஸுக்கு வரையறை வகுத்த அமெரிக்க வல்லுநர்கள், இந்த இளம் அணுக்கள் பத்து விழுக்காட்டைத் தாண்டுவதையும் ஓர் அறிகுறியாகச் சேர்த்தார்கள். 2016இல் அந்த வரையறையே மாறிவிட்டது என்பார்கள். உண்மைதான். இளம் அணுக்களை வரையறையிலிருந்து எடுத்தால், நோயாளியின் படுக்கையிலிருந்தும் அவை போய்விடுமா? எண்ணிக்கை ‘நார்மல்’ என்று தாள் சொல்லும்போது, ஸ்லைடில் பாதி அணுக்கள் குதிரைலாடமாக இருந்தால், அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர் யாரும் இருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். எந்திரம் ஆயிரக்கணக்கில் அணுக்களை எண்ணுகிறது, மனிதர் நூறைத்தான் எண்ணுகிறார், அதிலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்கிறார்கள். மறுக்கவில்லை. நூறில் ஐந்து ஈசினோஃபில் பார்த்தேன் என்றால், உண்மையான அளவு ஏறத்தாழ 2க்கும் 11க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், அது கணக்கியல். இளம் அணு எது, முதிர்ந்த அணு எது என்பதில் அனுபவசாலிகள்கூட ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. எனவே விழுக்காட்டை எந்திரத்திடமே விட்டுவிடுவோம். ஆறு கதுப்பு உட்கரு இருக்கிறதா, முதிராத அணு இருக்கிறதா என்பது விழுக்காட்டுக் கேள்வி அல்லவே. ஒன்றைக் கண்டாலே போதும் என்ற இடத்தில், ஆயிரம் எண்ணினேன் என்பது பதிலாகாது. எந்திரங்களை நம்மைவிட அதிகம் நம்பியிருக்கும் நாடுகளின் வல்லுநர்கள் கூடி, எந்திர முடிவு வந்தபின் எப்போது மறுபடி ஓட்டவேண்டும், எப்போது ஸ்லைடைப் பார்க்கவேண்டும் என்று 41 விதிகளை வகுத்து 2005இல் வெளியிட்டார்கள். எந்திரம் போதும் என்றால் அந்த விதிகளுக்குத் தேவையே இருந்திருக்காது. எந்திரமும் நேர்மையானதுதான், தனக்குப் புரியாதபோது கொடி காட்டுகிறது. அந்தக் கொடியை ரிப்போர்ட்டில் அச்சடிக்காமல் விட்டுவிடுவது மனிதர்கள்.

பார்ப்பதும் அரைகுறையாக இருக்கக் கூடாது. உட்கரு இரண்டே கதுப்பாகவோ, கதுப்பே இல்லாமலோ இருந்தால் அது எப்போதும் நோய் ஆகாது. 1928இல் பெல்கர் கண்டு, 1931இல் ஹூயெட் பரம்பரையாக வருவது என்று தெளிவாக்கிய ஒரு நிலை உண்டு. அது உள்ள குடும்பத்தாரின் நியூட்ரோஃபில்களுக்குக் கதுப்பு பிரிவதில்லை. அவர்கள் சுகமாகவே இருக்கிறார்கள். இதை அறியாதவர் கிருமித்தொற்று முற்றிவிட்டது என்று எழுதிவிட்டால், தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் உள்ளே போகும். வடிவம் தெரிந்த கண் நோயைக் கண்டுபிடிப்பதோடு, நோயில்லாதவரை மருந்திலிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “உட்கரு வடிவம் என்பது பிளஸ் டூ பிள்ளைகள் படம் வரைந்து மார்க் வாங்குவதற்கு, ரத்தக்குழாய் இடுக்கில் நுழைந்து வெளியே போகத்தான் அது கதுப்புக் கதுப்பாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை” என்பது அவர்கள் வாதம். இந்த விளக்கமே தடுமாறுகிறது. உருண்டை உட்கருவுள்ள லிம்போசைட் அன்றாடம் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? மனித அணுக்களை நுண்ணிய இடுக்குகளுக்குள் செலுத்திப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கதுப்பு குறைந்த உட்கருவும் நன்றாகவே நுழைந்தது. உட்கரு உறையில் லாமின் ஏ என்ற புரதம் கூடியபோதுதான் அணு சிக்கித் திணறியது. நுழைய உதவுவது உட்கருவின் இளக்கம். கதுப்பு எத்தனை என்பது அந்த இளக்கத்தின் முழுக் கதை ஆகாது. பெல்கர்–ஹூயெட் நிலைக்குக் காரணம் லாமின் பி ஏற்பிக்கான மரபணுவில் உள்ள பிழை என்பது தெரியவந்ததே 2002இல்தான். 2004இல் பெர்லின் ஆய்வாளர்கள், நியூட்ரோஃபில் தன் உட்கருவின் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிறைபிடிப்பதைக் காட்டினார்கள். ஆய்வு இன்னும் சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றை, முடிந்துபோன பள்ளிப் பாடம் என்று ஒதுக்குவது அறியாமை.

கடைசியாக, நேரமும் காசும். ஸ்லைடுக்கும் சாயத்துக்கும் ஆகும் செலவு சில ரூபாய். கவனமாகப் பார்க்கச் சில நிமிடங்கள். நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று, பராமரித்தால், பல எந்திரங்களின் ஆயுளைத் தாண்டி உழைக்கும். ரசாயனம் தீர்ந்ததென்று நிற்காது, கரண்ட் போனாலும் கண்ணாடி வைத்துச் சூரிய வெளிச்சத்தில் பார்க்கலாம். மலேரியாவுக்கும் காசநோய்க்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மைக்ரோஸ்கோப் எப்போதோ வந்துவிட்டது. குறைவது கருவி இல்லை. பார்க்கத் தெரிந்த டெக்னீஷியனுக்கு உரிய சம்பளமும் மரியாதையும்தான் குறைகின்றன. பட்டனை அமுக்கத் தெரிந்தால் போதும் என்று பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, அவர்கள் படித்து வந்த திறமையை இரண்டே வருடத்தில் துருப்பிடிக்க விட்டுவிடுகிறோம்.

இதையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்ற சமாதானத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். யாரை அங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் இடம் இது. வசதி உள்ள ஊரில் ஸ்லைடைத் தவறவிட்டால், அடுத்த சோதனை எப்படியும் பிடித்துவிடும். இங்கே அடுத்த சோதனை என்பதே ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். ஆகவே சிறிய ஊருக்குத்தான் ஸ்லைடு அதிகம் வேண்டும்.

எந்திரமே நாளைக்கு வடிவத்தையும் பார்த்துவிடும் என்று சொல்பவர்களுக்கு: ஏற்கெனவே பார்க்கிறது. ஸ்வீடனின் செல்லாவிஷன் போன்ற நிறுவனங்களின் கருவிகள், சாயமேற்றிய ஸ்லைடைப் படம் பிடித்து, உட்கருவின் வடிவத்தை வைத்து அணுக்களை வகைப்படுத்தித் திரையில் காட்டுகின்றன. முடிவை மனிதர் உறுதி செய்கிறார். உலகின் புதுக் கருவி எதைத் தேடிப் போகிறதோ, அதையே நாம் பழசு என்று தூக்கி எறிந்துகொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. எல்லா ரத்தத்துக்கும் ஸ்லைடு போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சலோடு பிளேட்லெட் விழுந்திருந்தால், மாத்திரைக்கு மசியாத சோகை என்றால், வெள்ளணு மிகக் கூடியோ மிகக் குறைந்தோ இருந்தால், ‘மிட்’ ஏறியிருந்தால், எந்திரம் கொடி காட்டியிருந்தால் ஸ்லைடைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தவர் பெயரோடு, உட்கரு எப்படி இருந்தது என்று ஒரு வரி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். மருத்துவர்கள் சீட்டில், எந்திரக் கணக்கான சிபிசியோடு, ஸ்லைடு பார்க்கும் ஸ்மியரும் என்று எழுத வேண்டும். லேப் உரிமையாளர்கள் அதற்கு நியாயமான கட்டணம் வாங்கட்டும். பார்க்காமல் ‘நார்மல்’ என்று அடிப்பதை மட்டும் நிறுத்தட்டும். நோயாளிகளே, உங்கள் ரத்தத்தை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது உங்கள் ரத்தம். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடியாத லேப், ரத்தத்தை எண்ணியிருக்கிறது, இன்னும் பரிசோதிக்கவில்லை.